கணினியைக் குறை சொல்லுமுன் கணக்கைப் பாருங்கள்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பழமொழி இப்போது கணினி மேசைக்கும் வந்துவிட்டது. “நான் எழுதிய நிரல் நகரமாட்டேன் என்கிறது, இந்த மடிக்கணினி பழசு, புதிது வாங்கிக் கொடுங்கள்” என்று இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். செம்பனைக் காட்டிலும் தொழிற்சாலையிலும் உழைக்கிற பெற்றோர், பிள்ளையின் படிப்பாயிற்றே என்று இரண்டாயிரம், மூவாயிரம் வெள்ளியைத் தவணையில் போட்டு வாங்கவும் துணிந்துவிடுகிறார்கள். வாங்க வசதியில்லாத வீட்டிலோ, பிள்ளை ‘நமக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது’ என்று ஒதுங்கிக்கொள்கிறது. முன்னதில் போவது காசு. பின்னதில் போவது ஒரு பிள்ளையின் துணிவு. இரண்டும் வீணாகப் போகக் கூடாது என்பதற்காகவே இந்த இதழில் இதை எழுதுகிறேன்.

நிரல் என்றால் வேறொன்றுமில்லை. கணினி செய்ய வேண்டிய வேலையை வரிசைப்படுத்தி நாம் எழுதிக் கொடுக்கும் பட்டியல்தான் நிரல். நம் நாட்டு இடைநிலைப்பள்ளிகளில் 2017-ஆம் ஆண்டு முதல் அடிப்படைக் கணினி அறிவியல் ஒரு பாடமாக இருக்கிறது. அதைப் படிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் சந்திக்கிற மொழி பைதான். நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் என்பவர் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட மொழி அது. கற்க எளியது, இலவசமாகக் கிடைப்பது, உலகமெங்கும் பயன்படுவது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. பொறுத்துப் பொறுத்துத்தான் ஓடும். ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதி வழி கடந்த மாதிரி.

துரை, கிராணி, கங்காணி

பழைய தோட்டங்களில் வேலை நடந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். துரை ஆங்கிலத்தில் ஒன்று சொல்வார். கிராணி அதைக் கேட்டுக் கங்காணியிடம் சொல்வார். கங்காணி காலைப் பெரட்டில் அதைத் தமிழில் சொல்வார். அதன் பிறகே ஆட்கள் மண்வெட்டியைத் தூக்குவார்கள். வேலை செய்கிறவருக்கும் ஆணையிடுகிறவருக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பு. ஒரு நாளைக்கு ஓர் ஆணை என்றால் இதனால் தாமதம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு மரத்தடியிலும், ஒவ்வொரு வெட்டுக்கும், துரையிடம் கேட்டுக் கிராணி வழியாகப் பதில் வர வேண்டும் என்றால் பொழுது சாய்ந்தாலும் வேலை முடியாது.

பைதான் போன்ற மொழிகள் இப்படித்தான் நடக்கின்றன. நாம் எழுதிய வரியைப் பைதான் முதலில் ஓர் இடைமொழியாக மாற்றி வைத்துக்கொள்கிறது. பிறகு அந்த இடைமொழிக் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் படித்துச் செய்கிறது. இரண்டைக் கூட்டு என்றால், அந்த இரண்டும் எண்களா, எழுத்துகளா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டே கூட்டுகிறது. ஒரே வரியைப் பத்து லட்சம் தடவை ஓட்டச் சொன்னால், பத்து லட்சம் தடவையும் இந்தச் சடங்கு நடக்கும். ‘சி’ போன்ற மொழியில் எழுதினால் முழு நிரலும் முன்கூட்டியே கணினியின் சொந்த மொழிக்கு மாற்றப்பட்டுவிடுகிறது. நடுவில் கிராணி இல்லை. அதனால் வேகம். ஆனால் அந்த மொழியைக் கற்கக் கூடுதல் காலம் பிடிக்கும். எழுதவும் கூடுதல் நேரம் வேண்டும்.

நம் தமிழிலேயே ஒரு நிரல்மொழி இருப்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதன் பெயர் எழில். முத்து அண்ணாமலை என்பவர் தமிழ்ப் பிள்ளைகள் தாய்மொழியிலேயே நிரல் எழுதிப் பழகட்டும் என்று அதை உருவாக்கினார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 2009-இல் வெளிவந்தது. ‘பதிப்பி’ என்றால் திரையில் காட்டும். ‘நிரல்பாகம்’ என்று தொடங்கினால் ஒரு தனி வேலையை வகுத்துக்கொள்ளலாம். ‘பின்கொடு’ என்றால் விடையைத் திருப்பித் தரும். படிக்கும்போதே மனம் குளிர்கிறது அல்லவா? இந்த எழில் மொழி பைதானின் மேல் கட்டப்பட்டது. ஆகவே கிராணிக்குக் கீழே இன்னொரு கிராணி. அதில் எழுதிய நிரல் பைதானில் எழுதியதைவிட மெதுவாக ஓடுவது இயல்பு. அதனால் எழிலை ஒதுக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. கற்பதற்கு வந்த மொழியில் கற்கத்தான் வேண்டும். மெதுவாக ஓடும் மொழியில்தான் வீண் வேலை சீக்கிரமாகக் கண்ணில் படும். தொடக்க மாணவருக்கு அதுவும் ஒரு நன்மையே.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்றே ஒன்று. மொழியின் வேகம் நம் கையில் இல்லை. எத்தனை தடவை வேலை வாங்குகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. நிரலை வேகப்படுத்துவது என்றால் கணினியை விரட்டுவதன்று. தேவையில்லாத வேலையைக் குறைப்பது. எப்படிக் குறைப்பது என்று பார்ப்போம்.

முதலில் அளந்து பாருங்கள்

வயிற்று வலி என்று மருத்துவரிடம் போனால் எந்த இடத்தில் வலி என்று தொட்டுப் பார்த்துத்தான் மருந்து எழுதுவார். பிள்ளைகளோ நிரலில் கண்ணில் பட்ட வரியையெல்லாம் மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு நிரல் ஓடி முடிய 60 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பகுதி எடுத்துக்கொள்வது 2 விநாடி. இரவெல்லாம் கண்விழித்து அந்தப் பகுதியை ஒரு நொடியும் ஆகாதபடி செய்துவிட்டாலும், மொத்தத்தில் மிஞ்சுவது 58 விநாடி. 50 விநாடி தின்கிற பகுதி வேறெங்கோ பதுங்கி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் உழைத்தது விழலுக்கு இறைத்த நீர்.

அளப்பதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. பைதானோடு சேர்ந்தே வருகிற கருவிகள் உண்டு. ‘டைமிட்’ என்பது ஒரு சிறு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டி எவ்வளவு நேரம் என்று சொல்லும். ‘சீபுரோஃபைல்’ என்பது நிரலின் எந்தப் பகுதி எத்தனை தடவை அழைக்கப்பட்டது, எவ்வளவு நேரம் தின்றது என்று பட்டியல் போட்டுக் காட்டும். நேரத்தைவிட அந்த ‘எத்தனை தடவை’ என்ற எண்ணைத்தான் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டும். ஆயிரம் தடவை நடக்க வேண்டியது பத்து லட்சம் தடவை நடந்திருக்கிறது என்றால், திருடன் பிடிபட்டான் என்று பொருள்.

கணினி அறிவியலில் பெரிய ஆசான் என்று போற்றப்படும் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு நூத், 1974-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத்தான் வற்புறுத்தினார். காலம் கனியுமுன் சின்னச் சின்ன வேகத்துக்காக அலைவது கேட்டுக்கு வழி. ஆனால் உண்மையிலேயே நேரம் தின்கிற சிறு பகுதியைக் கண்டுபிடித்துவிட்டால் அதை விட்டுவிடவும் கூடாது என்பது அவர் கருத்து.

பெயர்ப் பட்டியலில் தேடும் கணக்கு

தொடக்க மாணவர் நிரலில் அடிக்கடி பிடிபடும் திருடன் இவன்தான். ஒரு சங்கத்தில் 5,000 உறுப்பினர்கள். இந்த ஆண்டுச் சந்தா கட்டியவர்கள் 4,000 பேர். கட்டாதவர்கள் யார் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளை என்ன எழுதுகிறது? உறுப்பினர் எண் ஒவ்வொன்றையும் எடுத்து, சந்தாப் பட்டியலின் தலையிலிருந்து வால்வரை தேடச் சொல்கிறது. பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. விடையும் சரியாகவே வரும்.

எத்தனை தடவை ஒப்பிட வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சந்தா கட்டிய 4,000 பேரில் ஒருவர் முதல் இடத்திலேயே கிடைப்பார், ஒருவர் இரண்டாம் இடத்தில், ஒருவர் நாலாயிரமாவது இடத்தில். 1 முதல் 4,000 வரை கூட்டினால் 8,002,000. கட்டாத 1,000 பேருக்கும் முழுப் பட்டியலையும் தேடித்தான் இல்லை என்று அறிய வேண்டும்; அது 4,000,000. ஆக மொத்தம் 12,002,000 ஒப்பீடுகள். கணினி இதைச் சற்று நேரத்தில் முடித்துவிடும். பிள்ளையும் நிரல் நன்றாக ஓடுகிறது என்று நம்பிவிடும்.

சங்கம் பத்து மடங்கு பெரிதாகட்டும். 50,000 உறுப்பினர்கள், கட்டியவர்கள் 40,000 பேர். இப்போது வேலையும் பத்து மடங்குதானே கூடும் என்று நினைப்போம். இல்லை. 1,200,020,000 ஒப்பீடுகள். நூறு மடங்கு! சின்னப் பட்டியலில் துள்ளி ஓடிய நிரல் பெரிய பட்டியலில் படுத்துக்கொள்வது ஏன் என்பது இப்போது விளங்குகிறதா? நேற்று ஓடிய அதே கணினிதான். பழுது அதில் இல்லை.

மருந்து என்ன? தபால் பிரிக்கிற முறைதான். வந்த கடிதத்தையெல்லாம் ஒரே குவியலாகக் கொட்டி வைத்தால், ஒருவருடைய கடிதத்தைத் தேட முழுக் குவியலையும் கலைக்க வேண்டும். சுவரில் சின்னச் சின்ன அறைகளாகத் தட்டு அடித்து, இன்ன கடிதம் இன்ன அறையில் என்று ஒரு முறை வைத்துக்கொண்டால், நேராக அந்த அறைக்குக் கைநீட்டலாம். பைதானில் ‘லிஸ்ட்’ என்பது குவியல். ‘செட்’ என்பதும் ‘டிக்ஷனரி’ என்பதும் அறைத் தட்டுகள். எண்ணோ பெயரோ எதைக் கொடுத்தாலும், ஒரு சிறு கணக்குப் போட்டு அது எந்த அறையில் இருக்கும் என்று செட் அறிந்துகொள்கிறது.

சந்தா கட்டியவர்களின் எண்களை முதலில் ஒரு செட்டில் போடுங்கள். 40,000 தடவை வைப்பது, 50,000 தடவை பார்ப்பது. மொத்தம் 90,000 வேலை. அறையைக் கணக்கிட்டுப் பார்ப்பது ஒரு சாதாரண ஒப்பீட்டைவிடச் சற்றுக் கூடுதல் வேலைதான். அப்படியிருந்தும் நூற்றிருபது கோடி எங்கே, தொண்ணூறாயிரம் எங்கே! இதற்காக மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. புதிய மடிக்கணினி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகம் தரலாம். இந்த ஒரு வரி தருகிற வேகத்தை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

ஒரு சாமானுக்கு ஒரு தடவை ஃபெரி ஏறுவதா?

அடுத்ததை எங்கள் லூமுட் படகுத்துறையை வைத்தே சொல்லிவிடலாம். பங்கோர் தீவில் ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அக்கரையிலிருந்து லூமுட்டுக்கு வந்து ஐம்பது சாமான் வாங்க வேண்டும். உப்பு வாங்கிக்கொண்டு ஃபெரி ஏறித் திரும்பிப் போய், உப்பை வைத்துவிட்டு, மறுபடி ஃபெரி ஏறிச் சீனி வாங்க வருவாரா? ஐம்பதையும் சீட்டில் எழுதி, ஒரே பயணத்தில் கட்டி எடுத்துப் போவார். கடலில் போகும் நேரம்தான் பெரிது. சாமானைப் பையில் போடுகிற நேரம் அற்பம்.

கணினியின் உள்நினைவுக்கும் வன்தட்டுக்கும் நடுவிலும் இப்படி ஒரு கடல் இருக்கிறது. இணையத்துக்கும் நமக்கும் நடுவில் இன்னும் பெரிய கடல். பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஓடும் சுற்றுக்குள்ளேயே கோப்பைத் திறந்து, ஒரு வரி எழுதி, மூடிவிடுகிறார்கள். ஆயிரம் சுற்றுக்கு ஆயிரம் திறப்பு, ஆயிரம் மூடல். கோப்பைச் சுற்றுக்கு வெளியே ஒரு தடவை திறந்து, எல்லாவற்றையும் எழுதி, ஒரு தடவை மூடினால் போதும்.

ஆனால் படகின் கொள்ளளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மிகப் பெரிய கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் உள்நினைவுக்குள் திணித்தால், இடம் போதாமல் கணினி வன்தட்டுக்கும் நினைவுக்குமாகச் சாமானை மாற்றி மாற்றி ஏற்றி இறக்கிக்கொண்டு திணறும். அப்படிப்பட்ட கோப்பை ஒரு தடவை திறந்துவிட்டு, வரி வரியாகப் படித்து, வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

பத்துமலைப் படியும் நோட்டுப் புத்தகமும்

மூன்றாவது திருடன், செய்த கணக்கையே திரும்பச் செய்பவன். தைப்பூசத்துக்குப் பத்துமலை போனவர்களுக்கு அங்குள்ள 272 படிகள் நன்றாகத் தெரியும். ஒரு பிள்ளை சில இடத்தில் ஒவ்வொரு படியாகவும் சில இடத்தில் இரண்டிரண்டு படியாகவும் தாவி ஏறுகிறது. இப்படிக் கலந்து ஏறினால் எத்தனை விதமாக உச்சிக்குப் போகலாம்?

சின்னதாகத் தொடங்குவோம். 1 படிக்கு 1 வழி. 2 படிக்கு 2 வழி. 3 படிக்கு 3 வழி. 4 படிக்கு 5 வழி. ஒரு படிக்கு வந்து சேர வேண்டுமானால், அதற்கு முந்திய படியிலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் அதற்கும் முந்தியதிலிருந்து தாவ வேண்டும். ஆகவே முந்திய இரண்டு விடைகளைக் கூட்டினால் அடுத்த விடை. 1, 2, 3, 5, 8, 13 என்று போகும். குறிலும் நெடிலும் கலந்து அடி அமைக்கும் வழிகளை எண்ணும்போது 12-ஆம் நூற்றாண்டில் ஹேமச்சந்திரர் இதே எண்வரிசையைச் சொல்லி வைத்தார். மேல்நாட்டில் பீசா நகரத்து லியோனார்டோ இதை எழுதியது 1202-இல்.

இந்த விதியைப் பிள்ளைகள் நேராக நிரலாக்குவார்கள்: ‘30-ஆம் படியின் விடை வேண்டுமா? 29-இன் விடையையும் 28-இன் விடையையும் கேட்டுக் கூட்டு.’ அழகான நிரல். ஆனால் 29-இன் விடையைக் கண்டுபிடிக்கும்போதும் 28-ஐக் கேட்க வேண்டும். ஆக 28-இன் கணக்கு இரண்டு தடவை நடக்கிறது. 27-இன் கணக்கு மூன்று தடவை. 26-இன் கணக்கு ஐந்து தடவை. இப்படிக் கீழே போகப் போகப் பெருகி, 30 படிக்கு மொத்தம் 1,664,079 தடவை அந்த நிரல்பாகம் அழைக்கப்படுகிறது. 40 படிக்கு 204,668,309 தடவை. பத்துப் படிதான் கூடியது; வேலையோ நூறு மடங்கைத் தாண்டிவிட்டது. 272 படிக்கு இதே முறையில் விட்டால், உலகத்திலேயே வேகமான கணினியை வாங்கி வந்தாலும் நம் ஆயுளில் முடியாது. நம் பேரப் பிள்ளைகளின் ஆயுளிலும் முடியாது.

ஆறாம் ஆண்டு மாணவரிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடச் சொல்லுங்கள். அவர் என்ன செய்வார்? கண்டுபிடித்த விடைகளை ஓரமாக எழுதி வைத்துக்கொள்வார். 5 படிக்கு 8 என்று எழுதிவிட்டால் மறுபடி அதைப் போட்டுப் பார்க்க மாட்டார். எழுதியதைப் பார்த்துக் கூட்டுவார். கணினிக்கும் அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். ஒரு டிக்ஷனரியில் படியின் எண்ணையும் விடையையும் குறித்து வைத்தால் போதும். ‘எல்ஆர்யூ கேஷ்’ என்ற ஆயத்த நோட்டுப் புத்தகமும் 2011-இல் வந்த பைதான் 3.2 முதல் அதனோடு சேர்ந்தே வருகிறது. 272 படிக்கு 272 குறிப்புகள். கண்மூடித் திறக்குமுன் விடை வந்துவிடும். அந்த விடை 57 இலக்கம் கொண்ட ஓர் எண்! பழைய கணினியில் ஓட்டிப் பார்த்து உங்கள் பிள்ளையே அதைத் திரையில் காணட்டும்.

ஆயத்தமாக இருப்பதைப் பயன்படுத்துங்கள்

படிவம் 3-இல் ‘குமிழி முறை வரிசைப்படுத்தல்’ கற்றுக்கொடுக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட்டு இடம் மாற்றுகிற முறை அது. 10,000 எண்களை அப்படி அடுக்க 49,995,000 ஒப்பீடுகள் வரை ஆகலாம். பைதானுக்குள்ளேயே இருக்கிற வரிசைப்படுத்தும் கருவியை 2002-இல் டிம் பீட்டர்ஸ் என்பவர் எழுதினார். அதற்கு அதே 10,000 எண்களை அடுக்க ஏறத்தாழ 130,000 ஒப்பீடுகளுக்குள் முடிந்துவிடும். அதோடு அந்தக் கருவி ‘சி’ மொழியில் எழுதப்பட்டது. நடுவில் கிராணி இல்லை. கூட்டுவது, எண்ணுவது, பெரியதைக் கண்டுபிடிப்பது ஆகியவற்றுக்கும் இப்படி ஆயத்தக் கருவிகள் உண்டு.

அப்படியானால் குமிழி முறையை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். வாய்ப்பாடு தெரியாதவன் கையில் கணக்குப் பொறி கொடுத்தால், அது காட்டும் விடை சரியா தவறா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அதைப் போலத்தான் இதுவும். உள்ளே நடப்பது விளங்குவதற்குக் குமிழி முறை; அன்றாட வேலைக்கு ஆயத்தக் கருவி.

சில எச்சரிக்கைகள்

தவறான விடையை வேகமாகத் தருகிற நிரலால் யாருக்கும் பயனில்லை. ஆகவே முதலில் சரியாக ஓடட்டும். பழைய நிரலின் படி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். கையால் போட்டுப் பார்த்த சிறு கணக்கை இரண்டுக்கும் கொடுத்து விடை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 10 படிக்கு விடை 89. மாற்றிய நிரல் 88 என்று சொன்னால், அது எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் குப்பைக்கூடைக்குத்தான்.

மாதத்துக்கு ஒரு தடவை ஓட்டும் நிரல் பத்து விநாடி எடுத்தால் எடுக்கட்டும். அதை ஐந்து விநாடியாக்க ஒரு வாரம் செலவழிப்பது புத்திசாலித்தனமன்று. படித்தால் விளங்குகிற நிரலைக் கொஞ்சம் வேகத்துக்காகப் புரியாத புதிராக்கிவிடவும் வேண்டாம்.

பைதானைப் புதுப்பிப்பதும் காசில்லாத மருந்துதான். 2022 அக்டோபரில் வந்த 3.11 பதிப்பு, முந்திய 3.10-ஐவிடச் சராசரியாக 1.25 மடங்கு வேகம் என்று அதை வெளியிட்டவர்களே தங்கள் சோதனையில் காட்டினார்கள். எதையும் மாற்றாமல் கிடைக்கிற வேகம் அது. ஆனால் நூற்றிருபது கோடி ஒப்பீட்டை 1.25 மடங்கு வேகத்தில் செய்தாலும் அது வீண் வேலைதான் என்பதை மறக்க வேண்டாம்.

கணினிமேலேயே குற்றம் இருப்பதும் உண்டு. ஒன்றையும் ஓட்டாத நேரத்திலேயே திணறுகிறது, காணொளித் தொகுப்புப் போன்ற கனமான வேலை செய்ய வேண்டியிருக்கிறது, உள்நினைவு போதவில்லை என்று அளந்து பார்த்தே தெரிந்துவிட்டது என்றால் மாற்ற வேண்டியதுதான். அப்போதும் உள்நினைவை மட்டும் கூட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பெற்றோர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

‘எங்களுக்கு நிரலும் தெரியாது, பைதானும் தெரியாது, பிள்ளை சொல்வதை நம்பித்தானே ஆக வேண்டும்’ என்று பெற்றோர் சொல்லலாம். நிரல் தெரியாவிட்டாலும் இந்த மூன்று கேள்விகளைக் கேட்க முடியும்.

ஒன்று: எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பார்த்தாயா?

இரண்டு: ஒரு தடவை செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறாயா?

மூன்று: பட்டியல் பத்து மடங்கு பெரிதானால் வேலை பத்து மடங்கு ஆகுமா, நூறு மடங்கு ஆகுமா?

இந்த மூன்றுக்கும் பிள்ளை காகிதத்தில் எழுதிக் காட்டட்டும். பதில் சொல்ல முடிந்த பிறகும் கணினி போதவில்லை என்றால், அந்தப் பிள்ளைக்குப் புதிய கணினி வாங்கிக் கொடுப்பதில் நட்டம் இல்லை. பதில் தேடும்போதே நிரல் ஓடத் தொடங்கிவிட்டால் தவணைப் பணம் மிச்சம். பழைய கணினியில் படிக்கிற பிள்ளைக்கு இது இன்னொன்றையும் சொல்கிறது: தன் கையில் இருக்கிற அந்தப் பழைய பெட்டியிலேயே, நேரான வழியில் யாராலும் முடிக்க முடியாத ஒரு கணக்கைச் சிந்தித்து முடிக்க முடியும். அந்தத் தெம்பு வந்துவிட்டால் பிள்ளை படிப்பை விட்டு ஒதுங்காது.

இந்த இதழுக்கு ஒரு பயிற்சி. படியேறும் பிள்ளை ஒன்று, இரண்டு மட்டுமல்லாமல் மூன்று படியும் தாவலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 படிக்கு எத்தனை வழி? முதலில் காகிதத்தில் போடுங்கள்; பிறகு நோட்டுப் புத்தகம் உள்ள நிரலாக எழுதுங்கள்; இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வீட்டில் பெரியவர்களும் சேர்ந்து போடலாம். கூட்டல் தெரிந்தால் போதும். விடையை அடுத்த இதழில் பார்ப்போம்.